ஏ பிளாக் வளைவும் ஓர் இயக்கவியல் கணக்கும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



நான் பி.காம். படித்தவன். 37 வருடம் வங்கியில் லெட்ஜர் எழுதி, கவுண்டரில் பணம் எண்ணி ஓய்வு பெற்றவன். “உங்களுக்கும் இயக்கவியலுக்கும் என்ன சார் சம்பந்தம்?” என்று செயலாளரே கேட்டார். சம்பந்தம் என் பேரன் வழியாக வந்தது. இன்ஜினியரிங் முதல் வருடத்தில் அவனுக்கு மெக்கானிக்ஸ் என்று ஒரு பேப்பர். அவன் சத்தம் போட்டுப் படிப்பான், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பெயர்கள்தான் புதிது. வரவு, செலவு, கையிருப்பு என்று நாங்கள் பார்த்த அதே வேலைதான் இது.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. விசைக்கும் இயக்கத்துக்கும் மூன்று விதிகளைத் தந்த நியூட்டன், அவற்றை 1687-இல் பிரின்சிப்பியா என்ற நூலில் வெளியிட்டார். அதன் பிறகு என்ன செய்தார் தெரியுமா? 1696-இல் லண்டன் அரசு நாணயச் சாலையில் அதிகாரியாகப் போய்ச் சேர்ந்தார். 1699-இல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்து, 1727-இல் இறக்கும் வரை அதில் இருந்தார். ஆகவே அவரும் நம்ம ஆள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வரும் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்கள் வருகின்றன. ஒன்று, வளாகத்துக்குள் வண்டிகளுக்கு வேக வரம்பு. போர்டில் 20 கிலோமீட்டர் என்று எழுதுவதா, 10 என்று எழுதுவதா? இரண்டாவது, பால்கனிச் சுவரின் மேல் பூந்தொட்டி வைக்கலாமா, கூடாதா? வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக வாதம் நடக்கிறது. “20 என்பதே ஆமை வேகம்” என்கிறார் ஒருவர். “10-இல் போவதற்கு நடந்தே போகலாம்” என்கிறார் இன்னொருவர். இதில் யார் மனதையும் புண்படுத்த வேண்டியதில்லை. இது அபிப்பிராயம் சொல்லித் தீர்க்கும் விஷயமே இல்லை, கணக்குப் போட்டுத் தீர்க்கலாம். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் மனக்கணக்காகவே போடலாம்.

முதலில் முறையைச் சொல்கிறேன். இயக்கவியல் கணக்கைப் பார்த்தவுடன் சூத்திரத்தைத் தேடி ஓடக் கூடாது. ஐந்து படிகள் உண்டு.

1. ஒரு படம் போடுங்கள். கட்டம் போட்டு அதுதான் கார் என்றால் போதும்.
2. எந்தத் திசை கூட்டல், எந்தத் திசை கழித்தல் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். வங்கியில் டெபிட் எந்தப் பக்கம், கிரெடிட் எந்தப் பக்கம் என்று தெரியாமல் யாராவது பேனாவைத் திறப்பார்களா?
3. தெரிந்தது என்ன, தெரிய வேண்டியது என்ன என்று பட்டியல் போடுங்கள்.
4. எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டு வாருங்கள். டாலரையும் ரூபாயையும் அப்படியே கூட்ட முடியாது.
5. விடை வந்ததும் அது நடைமுறையில் நியாயமா என்று பாருங்கள். கார் நிற்க 2 கிலோமீட்டர் ஆகும் என்று விடை வந்தால், அதற்குக் கீழே கோடு போட்டு முடிக்காதீர்கள். எங்கோ இடிக்கிறது.

இப்போது நம் கணக்கு. கேட்டில் நுழைந்து ஏ பிளாக் முனையில் திரும்புகிறோம் இல்லையா, அங்கே ஜெனரேட்டர் அறைச் சுவர் மறைக்கிறது. சுவரைத் தாண்டினால்தான் விளையாட்டு இடத்திலிருந்து ஓடி வரும் குழந்தை ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும். நானும் நம் செக்யூரிட்டியும் டேப் வைத்து அளந்தோம். குழந்தை கண்ணில் படும் இடத்திலிருந்து குழந்தை வரை ஏழரை மீட்டர். இந்த ஏழரையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நம் பட்ஜெட் அவ்வளவுதான்.

அலகை மாற்றுவோம். மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 5 மீட்டர். 36 என்றால் 10 மீட்டர். கிலோமீட்டர் கணக்கை 18-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் முடிந்தது.

ஒரு வண்டி நிற்பதில் இரண்டு செலவு இருக்கிறது. முதல் செலவு, கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போகும் நேரம். கவனமாக ஓட்டுபவருக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். செல்போன் கையில் இருப்பவருக்கு இன்னும் கூடும். அந்த ஒரு விநாடியும் வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டுதான் இருக்கும். இரண்டாவது செலவு, பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம். காய்ந்த தரையில் நன்றாகப் பிரேக் பிடித்தால், ஒவ்வொரு விநாடியும் வேகத்தில் விநாடிக்கு 5 மீட்டர் குறையும் என்று கொள்ளலாம். பாடப் புத்தகம் இதை எதிர்முடுக்கம் என்கிறது.

18 கிலோமீட்டரில் வருபவருக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் விநாடியில் 5 மீட்டர் போய்விடும. பிறகு பிரேக். வேகம் 5-இலிருந்து பூஜ்யத்துக்கு வர ஒரு விநாடி. இந்த ஒரு விநாடியில் எவ்வளவு தூரம் போகும்? வேகம் மாறிக்கொண்டே இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சேமிப்புக் கணக்கில் இருப்பும்தான் தினமும் மாறுகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் ஒவ்வொரு நாள் இருப்பையும் கணக்கில் எடுத்துத்தான் வட்டி போடுகின்றன. அதே யோசனைதான் இங்கேயும். வேகம் ஒரே சீராகக் குறைவதால் சராசரியை எடுத்தால் போதும். 5-க்கும் பூஜ்யத்துக்கும் சராசரி இரண்டரை. அதை ஒரு விநாடியால் பெருக்கினால் இரண்டரை மீட்டர். ஐந்தும் இரண்டரையும் ஏழரை. குழந்தைக்கு முன்னால் மயிரிழையில் வண்டி நிற்கிறது.

இப்போது அதே ஆள் 27 கிலோமீட்டரில் வருகிறார். ஒன்பது கிலோமீட்டர்தான் கூடுதல். விநாடிக்கு ஏழரை மீட்டர். கால் பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு விநாடியிலேயே ஏழரை மீட்டரும் செலவாகிவிட்டது. அதாவது பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும் முன்பே குழந்தை மேல் மோதியாகிவிட்டது. மோதும் வேகம் முழு 27. “நான் உடனே பிரேக் போட்டேன் சார்” என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அந்தப் பிரேக்கால் ஒரு பயனும் இல்லை.

நடுவில் இருக்கும் 20-க்கு வருவோம், போர்டில் எழுதப்போவதாகச் சொல்லும் எண் அதுதானே. 20 என்றால் விநாடிக்கு 5.6 மீட்டர். முதல் விநாடிக்கு 5.6, பிரேக் பிடித்த பிறகு 3.1, மொத்தம் 8.7 மீட்டர். நம் பட்ஜெட்டை விட ஒரு மீட்டருக்கு மேல் ஓவர்டிராப்ட். அந்த ஒரு மீட்டர் பற்றாக்குறையில் வண்டி சுமார் 12 கிலோமீட்டர் வேகத்தில் குழந்தையை இடிக்கும்.

15 என்று வைத்தால்? 4.2 மீட்டரும் 1.7 மீட்டரும் சேர்த்து சுமார் 6 மீட்டர். பரவாயில்லை, மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மழை பெய்து, தரைக் கல்லில் பாசியும் மணலும் சேர்ந்த நாளில் பிடிப்பு பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் தூரம் இரட்டிப்பாகும். 15-இல் வருபவருக்கே மொத்தம் 7.6 மீட்டர் வந்துவிடுகிறது. 10-இல் வருபவருக்கு அதே மழையிலும் நாலேகால் மீட்டர்தான். மூன்று மீட்டருக்கு மேல் கையில் மிச்சம். ஓட்டுபவர் ஒரு கணம் கவனம் சிதறினால்கூட அந்த மிச்சம் தாங்கிக்கொள்ளும்.

10 என்றால் நேரம் வீணாகாதா என்று கேட்பீர்கள். அதையும் போட்டுவிடுவோம். கேட்டிலிருந்து கடைசி பிளாக் வரை 150 மீட்டர். 20-இல் போனால் 27 விநாடி, 10-இல் போனால் 54 விநாடி. வித்தியாசம் 27 விநாடி. லிப்டுக்காகக் கீழே நிற்கும் நேரம்கூட இல்லை.

இன்னொரு வாதமும் வாட்ஸ்அப்பில் வந்தது. “பெரிய வண்டிக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு வேண்டும், சின்ன கார் சட்டென்று நின்றுவிடும்.” நியாயமாகத் தோன்றுகிறது, இல்லையா? இங்கேதான் நியூட்டனின் இரண்டாம் விதி வருகிறது: விசை என்பது நிறையை முடுக்கத்தால் பெருக்கியது. வண்டியை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு விசை. வண்டி கனமாக இருந்தால் தரையை அதிகமாக அழுத்தும், அதனால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும். ஆனால் நிறுத்த வேண்டிய நிறையும் அதே விகிதத்தில் கூடியிருக்கிறது. கணக்கில் நிறை இரண்டு பக்கமும் வந்து, எங்கள் கான்ட்ரா என்ட்ரி மாதிரி அடிபட்டுப் போகிறது. டயரும் பிரேக்கும் நன்றாக இருந்தால், அதே தரையில், அதே வேகத்தில், பெரிய காரும் சின்ன காரும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில்தான் நிற்கும். மோதினால் சேதம் வேறு. நிற்கும் தூரம் வேறில்லை. ஆகவே போர்டு எல்லோருக்கும் பொது.

பிள்ளைகள் கவனித்திருப்பீர்கள். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் இரட்டிக்கவில்லை. 18-இல் இரண்டரை மீட்டர், 36-இல் 10 மீட்டர். நான்கு மடங்கு. ஏன்? ஓடும் வண்டியில் இயக்க ஆற்றல் என்று ஓர் இருப்பு இருக்கிறது. நிறையில் பாதியை, வேகத்தால் ஒரு முறை, மறுபடியும் வேகத்தால் ஒரு முறை பெருக்கினால் வருவது அது. பிரேக் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரே அளவு ஆற்றலைத்தான் எடுக்கும். இருப்பு நான்கு மடங்கு என்றால் எடுத்துத் தீர்க்க நான்கு மடங்கு மீட்டர் வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. 1720-களில் ஹாலந்தில் லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்க்ராவெசாண்டே, பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரத்திலிருந்து மெத்தென்ற களிமண்ணில் விழவிட்டார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு ஏற்படுத்திய பள்ளம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. பிரான்ஸில் எமிலி து ஷாத்லே என்ற அறிஞர் இதன் முக்கியத்துவத்தைப் புரிந்துகொண்டு, 1740-இல் வெளியான தம் இயற்பியல் நூலில் வேகத்தின் வர்க்கத்துக்காக வாதாடினார். பெண்கள் பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாத காலம் அது என்பதையும் நம் பெண் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே விதியை வைத்து இன்னொன்றையும் பார்த்துவிடுவோம். பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டரின் முன்னால் குழந்தையை நிற்க வைத்துக்கொண்டு வருகிறோம். “நான்தான் பிடித்துக்கொள்கிறேனே” என்கிறோம். குழந்தை 12 கிலோ. ஸ்கூட்டர் 18 கிலோமீட்டர் வேகம். எதன் மேலாவது இடித்து, பத்தில் ஒரு பங்கு விநாடியில் நிற்கிறது. விநாடிக்கு 5 மீட்டர் வேகம் அத்தனை குறைந்த நேரத்தில் பூஜ்யமாகிறது என்றால், எதிர்முடுக்கம் 50. பன்னிரண்டு பெருக்கல் ஐம்பது, 600 நியூட்டன். ஒரு கிலோவைத் தாங்க 10 நியூட்டன் வேண்டும் என்று வைத்தால், இது 60 கிலோ. 12 கிலோ குழந்தை அந்த நொடியில் 60 கிலோ அரிசி மூட்டையாக முன்னால் பாய்கிறது. எந்தத் தாயின் கையும், எந்தத் தகப்பனின் கையும் முன்னறிவிப்பு இல்லாமல் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. பாசம் குறைவு என்று அர்த்தமில்லை, 600 நியூட்டன் என்பது அவ்வளவு பெரிய விசை. காரில் மடியில் உட்காரும் குழந்தைக்கும் இதே கணக்குதான். அதற்குத்தான் பெல்ட்டும் குழந்தை இருக்கையும்.

இனி இரண்டாவது தீர்மானம், பூந்தொட்டி. ஆறாவது மாடி பால்கனிச் சுவரின் உச்சி தரையிலிருந்து ஏறக்குறைய 20 மீட்டர். அங்கிருந்து 4 கிலோ தொட்டி ஒன்று காற்றில் சாய்கிறது. இங்கே புவியீர்ப்பு முடுக்கம்தான் வேலை செய்கிறது. ஒவ்வொரு விநாடியும் வேகம் சுமார் 10 மீட்டர் கூடும். முதல் விநாடி முடிவில் வேகம் 10, இரண்டாவது விநாடி முடிவில் 20. சராசரி வேகம் 10, இரண்டு விநாடியில் 20 மீட்டர். விடை சரியாக உட்காருகிறது. ஆக, கீழே வந்து சேர இரண்டே விநாடி. வேகம் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர்.

இரண்டு விநாடியில் மேலே இருப்பவர் பார்த்து, “ஐயோ, நகருங்க!” என்று கத்தி, கீழே இருப்பவர் அது தமக்குத்தான் என்று புரிந்து, நகர முடியுமா? பெரும்பாலும் அவர் நிமிர்ந்து மேலேதான் பார்ப்பார். கார் கூரையில் விழுந்து 5 சென்டிமீட்டர் நசுக்கி நின்றால், சராசரி விசை 16,000 நியூட்டன். ஒன்றரை டன்னுக்கு மேலான எடை. கார் கூரை என்றால் இன்சூரன்ஸ் இருக்கிறது. தலை என்றால் சொல்ல வேண்டியதில்லை.

“என்னுடையது சின்னத் தொட்டிதான்” என்று ஒரு அம்மா சொன்னார்கள். விழும் நேரத்துக்கும் நிறைக்கும் சம்பந்தமில்லை. 1971 ஆகஸ்டில் அப்போலோ 15-இல் போன டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு பறவை இறகையும் ஒரே நேரத்தில் கையிலிருந்து விட்டார். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொட்டன. நம் ஊர்க் காற்று இறகைத் தடுக்கும், தொட்டியைத் தடுக்காது. ஒரு கிலோ தொட்டியும் அதே இரண்டு விநாடியில், அதே 72 கிலோமீட்டர் வேகத்தில்தான் வரும். துளசியானாலும் ரோஜாவானாலும் சுவரின் மேலே வேண்டாம், உள்பக்கம் தரையில் வையுங்கள். செடி எங்கே இருந்தாலும் வளரும்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால், பெரியவர் ஒருவரோடு லிப்டில் எடுத்துப் போய் அதன் மேல் நில்லுங்கள். 60 கிலோ எடையுள்ளவர் நிற்கும் லிப்ட், விநாடிக்கு விநாடி ஒரு மீட்டர் வீதம் வேகம் கூடி மேலே கிளம்பினால் மெஷின் எவ்வளவு காட்டும்? நடுவில் சீரான வேகத்தில் போகும்போது எவ்வளவு? கீழே கிளம்பும்போது? படம் போடுங்கள். உங்கள் மேல் இரண்டே விசைகள். கீழே இழுக்கும் எடை 600 நியூட்டன், மேலே தள்ளும் மெஷின். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் 60 கிலோவுக்கு அந்த முடுக்கத்தைத் தருகிறது. 66, 60, 54 என்று விடை வந்தால் நீங்கள் இரண்டாம் விதியைப் புரிந்துகொண்டுவிட்டீர்கள். தயவுசெய்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், மெயிண்டனன்ஸ் செலவு பொருளாளர் தலையில் விழும்.

பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. பொதுக்குழுவுக்கு வருவதற்கு முன் ஒரு முறை ஏ பிளாக் முனைக்குப் போய் நில்லுங்கள். டேப் செக்யூரிட்டி அறையில் இருக்கிறது. ஏழரை மீட்டரை நீங்களே அளந்து பாருங்கள். நான் எடுத்துக்கொண்ட ஒரு விநாடியும், பிரேக் அளவும் சரியில்லை என்று தோன்றினால் உங்கள் எண்ணைப் போட்டுக் கணக்குப் பாருங்கள். உங்கள் வண்டி, உங்கள் டயர், உங்கள் வயது உங்களுக்குத்தான் தெரியும். எந்த எண்ணைப் போட்டாலும் பிரேக் தூரம் வேகத்தின் வர்க்கமாகத்தான் கூடும், அது மட்டும் மாறாது. அதன் பிறகு 10-க்கா 20-க்கா என்று கையைத் தூக்குங்கள்.